ஐந்து வயல் தண்ணீர்

லீலண்ட் சாலை, அயோவா
12 ஜூன் 2016

மேவிஸ் அக்காவுக்கு,

டார்லா நச்சரித்ததால் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள் என்பது என் மனைவியின் கணக்கு.

மார்ச் மாதம் உங்கள் ஊர் நகரசபைக் கூட்டத்தில் நீ குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து எல்லாருக்கும் காட்டி, "இது என் தம்பி வயல் தண்ணி" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. ஆற்றின் பெயரைச் சொல்லியிருக்கலாம், மாவட்டத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். உனக்கு என் வயல்தான் கிடைத்தது. அது பத்திரிகையில் வந்த மறுநாள் நான் தானியக் கிடங்குக்குக் காபி குடிக்கப் போனேன். அங்கே எப்போதும் சந்தைக்கடை மாதிரி சத்தமாக இருக்கும். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மழைநீர் தேங்கிப் பயிர் அழுகாமலிருக்க இங்கே அக்கம்பக்கத்தில் எங்கள் ஐந்து பேர் வயல்களுக்கும் அடியில் வடிகுழாய் ஓடுவது உனக்குத் தெரியும். ஐந்தும் ஒரே பொதுக்குழாயில் சேர்ந்து, அப்பா உனக்கு எழுதிவைத்த கீழ்மூலை நிலத்தில் ஓடையில் விழுகின்றன. நாற்பது மைல் தள்ளி அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் ஊர் ஆற்றிலிருந்து எடுத்துக் குடிக்கிறது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். நாங்கள் மக்காச்சோளத்துக்குப் போடும் உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் கண்ணுக்கா தெரியும்.

மண் காப்பு அலுவலகத்துப் பெண் ஒருத்தி ஒரு வழி சொல்கிறாள். குழாய் வாயருகே நீளமாகக் குழி வெட்டி, மரச்சில்லால் நிரப்பி, தண்ணீரை அதன் வழியே மெதுவாக விடவேண்டும். சில்லில் குடியேறும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நைட்ரேட்டைத் தின்று காற்றாக்கி அனுப்பிவிடுமாம். நாங்கள் நான்கு பேர் சம்மதித்துவிட்டோம். குழி வெட்டவேண்டிய இடம் உன்னுடையது. தருவாயா, மாட்டாயா? ஒரு வரி எழுதினால் போதும். கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஆர்லன்

*

வெஸ்ட் ஆல்டன்
20 ஜூன் 2016

அன்புள்ள தம்பி ஆர்லனுக்கு,

கிழிக்கவில்லை. டார்லாவிடம் சொல்.

ஒரு வரி போதும் என்று நீ சொன்னால் நான் ஒரு வரியோடு நிறுத்துகிறவளா? இந்த ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் என் வேலை என்னவென்று நீ ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? நைட்ரேட் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமைத் தாண்டினால், "ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் குழாய்த் தண்ணீரில் பால் கலக்காதீர்கள், கொதிக்க வைத்தாலும் போகாது" என்று மஞ்சள் தாளில் அடித்து வீடுவீடாக ஒட்டுகிறவள் நான்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒட்டுகிறேன். இந்த வசந்தத்தில் கிம் வீட்டுக் கதவிலும் ஒட்டினேன். அப்போது என் பேத்தி டெஸ்ஸா பிறந்து மூன்று வாரம். என் மகள் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, இது மாமா ஊர்லேர்ந்து வர்ற தண்ணிதானே?" அவள் கேட்டதைத்தான் நான் கூட்டத்தில் சொன்னேன். தாய்மாமன் நிலத்துத் தண்ணீரை மருமகள் தன் குழந்தைக்குக் கொடுக்க முடியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? உன் பெயரைச் சொன்னது உன்னைக் குத்தத்தான். குத்தினால்தான் நீ எழுந்து உட்காருவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இப்போது என் கேள்விகள். வயல் ஐந்து, சம்மதித்தவர்கள் நான்கு பேர். விட்டுப்போன ஆள் டுவெய்ன்தானே? அவனை விட்டுவிட்டுக் குழி வெட்டினால் அவன் தண்ணீர் வேறு வழியாகவா போகப்போகிறது? அடுத்து, குழாய்கள் சேருமிடத்தில் தனித்தனியாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்திருப்பீர்கள். யார் குழாய் ரொம்ப மோசம்? உன் கடிதத்தில் அதை மட்டும் காணோம்.

நிலம் தருகிறேன். ஆனால் டுவெய்ன் வீட்டுக்கு நீயே நேரில் போய் அழைக்கவேண்டும். அறுவடை முடிந்ததும் ரோட்டோர வயலில் குளிர்காலம் முழுக்க நிற்கும்படி, கோதுமை மாதிரியான ரைப் பயிர் விதைக்கவேண்டும். நிலத்தில் வேர் உயிரோடு இருந்தால் நைட்ரேட் கீழே இறங்காமல் பிடித்துவைக்கும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது மாதிரி நடிக்கத்தான் தெரியும்.

அக்கா மேவிஸ்

*

லீலண்ட் சாலை
3 ஜூலை 2016

அக்காவுக்கு,

என் குழாய்தான். திருப்தியா? ஐந்தில் என்னுடையதுதான் மோசம், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. டுவெய்னின் பன்றிக் கொட்டகைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இத்தனை வருடமாகக் கிடங்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவன் நான். அவன் குழாய் என்னுடையதில் பாதிகூட இல்லை. அவன் பாதி நிலத்தில் மாட்டுத்தீவனப் புல் போட்டு வைத்திருக்கிறான், அதன் வேர் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுகிறது.

நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். எங்கள் பெண் கல்யாண விருந்தன்று அவன் எருவை வாரிக் கொட்டி நாறடித்ததும், நான் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுத்ததும் உனக்குத் தெரியும். அதிலிருந்து ஒன்பது வருடமாக ரோட்டில் எதிரெதிரே வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைக்கூட இருவரும் தூக்கியதில்லை. முன்பின் தெரியாதவனுக்குக்கூட வணக்கமாக விரல் தூக்குகிற ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் உட்கார வந்ததாக நினைத்துக்கொள்வானே. அவன் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"என்னய்யா, மறுபடியும் நாத்தமா?"

"இல்ல. தண்ணி விஷயம்."

"என் பன்னிங்கதான் காரணம்னு சொல்லிட்டுப் போக வந்தியாக்கும்."

"சோதிச்சுப் பாத்தாச்சு. என் குழாய்தான் மோசம். உன்னுது நல்லாருக்கு."

சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. என் வண்டியையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எஞ்சினை அணை. டீசல் வீணாப் போகுது."

அணைத்தேன். குழி வெட்டத் தன் மண்வெட்டும் இயந்திரத்தைத் தருகிறானாம், ஓட்டவும் வருகிறானாம். அவன் மனைவி இரண்டு தடவை காபி ஊற்றினாள்.

உன் முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி வா. பின்பக்க வயலில் நீ கேட்டதைப்போல இரண்டு மடங்கு விதைக்கிறேன். ரோட்டோர வயல் வேண்டாம். அறுவடை முடிந்ததும் உழுது, ஒரு புல் பூண்டு இல்லாமல் கருகருவென்று விட்டு, வசந்தத்தில் கயிறு பிடித்த மாதிரி வரிசை போடுவேன். போகிற வண்டியெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகும். இந்த மாவட்டத்தில் எனக்கு இருக்கிற பெயரே அந்த வயல்தான். அதில் தாடி வளர்த்து நிறுத்தச் சொல்கிறாய்.

ஆர்லன்

*

வெஸ்ட் ஆல்டன்
8 ஜூலை 2016

தம்பிக்கு,

ரோட்டோர வயல்தான். பின்பக்க வயலில் நீ செய்வதை மான்தான் பார்க்கும். உன் வயலைப் பார்க்க வண்டிகள் வேகத்தைக் குறைக்கின்றன என்று நீயே சொல்கிறாய். அவர்கள் ரையைப் பார்க்கட்டும்.

குழிக்கான தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். விதைத்துக் காட்டு, பிறகு போடுகிறேன் என்று இழுக்க மாட்டேன். விதைப்பதும் விடுவதும் இனி உன் மானம்.

டுவெய்ன் வீட்டில் எஞ்சினை அணைத்தாய் என்று படித்ததும் கிம்முக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மேவிஸ்

*

லீலண்ட் சாலை
16 அக்டோபர் 2016

அக்காவுக்கு,

உன் கீழ்மூலை இப்போது எப்படி இருக்கிறது என்று நீ வந்து பார்க்கவேண்டும். வரமாட்டாய், எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்.

இரண்டு குழி, ஒவ்வொன்றும் நம் பழைய மாட்டுக் கொட்டகை நீளம். டுவெய்ன் வெட்டினான். அந்த இயந்திரத்தை அவன் ஓட்டுவதைப் பார்த்தால், ஸ்பூனால் ஐஸ்கிரீம் எடுக்கிற மாதிரி சுவர் அவ்வளவு மழமழவென்று வருகிறது. ஒன்பது வருடமாக இப்படி ஒரு வேலைக்காரனோடு பேசாமல் இருந்திருக்கிறேன். மற்ற வயல்காரர்கள் லெராயும் க்ளென்னும் லாரி லாரியாக மரச்சில்லைக் கொட்டினார்கள். பெவ் தன் புருஷன் போன பிறகு பாதி நிலத்தைக் குத்தகைக்கு விட்டவள், வரமாட்டாள் என்று நினைத்தோம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். பன்றித் தொடை சாண்ட்விச்சும், கடலை வெண்ணெயும் சாக்லெட்டும் போட்ட சதுர இனிப்பும் ஐந்து வீட்டிலிருந்தும் வந்து குவிந்ததில், சில்லைவிட இனிப்புத்தான் அதிகம் என்று லெராய் சொன்னான்.

குழிக்கு முன்னும் பின்னும் ஒரு மடைப்பெட்டி. அதில் பலகையைச் செருகினால் தண்ணீர் குழியில் தங்கும், உருவினால் ஓடும். பலகை பார்க்கிற பொறுப்பை என்னிடம் விட்டார்கள். யாருக்கும் தராமல் நான் பிடுங்கிக்கொண்டேன் என்று டார்லா சொல்வாள், நம்பாதே.

சோளம் அறுத்து முடித்ததும் ரோட்டோர வயலில் ரை விதைத்தேன். இப்போது சுண்டுவிரல் உயரம். நேற்று கிடங்கில், "ஆர்லன், உன் வயல்ல புல்லு முளைச்சிருக்கு, பாத்தியா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று விசாரித்தார்கள். நான் பதில் சொல்வதற்குள் டுவெய்ன், "புல்லுதான். உங்க வயல்லேர்ந்து தண்ணியோட ஓடுற உரக் காசு அவன் வயல்ல வேர்ல நிக்குது" என்றான்.

ஐந்து பேரும் சேர்ந்து ஒரு வேலையை முடித்துவிட்டு குழி மேட்டில் நின்றோம். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ஆர்லன்

*

வெஸ்ட் ஆல்டன்
21 மே 2017

தம்பிக்கு,

போன சனிக்கிழமை நான் உங்கள் பக்கம் வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, ரோட்டில்தான் வந்தேன். சரளைச் சாலையில் நீ எதிரே வந்தாய். என் கார் புதிது, உனக்கு அடையாளம் தெரியவில்லை. இருந்தாலும் விரலைத் தூக்கினாய். நானும் தூக்கினேன். பதினான்கு மாதத்தில் நமக்குள் நேரில் நடந்த முதல் பேச்சு அதுதான், உனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அரை மைல் தள்ளி வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன். வயதாகிறது.

ரோட்டோர வயலைப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு ரை பச்சையாக நிற்க, அதற்குள்ளேயே சோயா விதைத்துப் போயிருக்கிறாய். உன் வரிசையே தெரியவில்லை. மற்ற வயலெல்லாம் மொட்டையாகக் கிடக்க, அது ஒன்றுதான் பச்சை. நானும் வேகத்தைக் குறைத்துத்தான் போனேன்.

மஞ்சள் தாள் இந்த வருடமும் ஒட்டினேன். எங்கள் ஆற்றில் உங்களுடையதைப்போல எத்தனையோ குழாய்கள் வந்து விழுகின்றன, ஒன்று மட்டும் மாறினால் ஆறு மாறிவிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கதவு கதவாக ஒட்டும்போது உன்மேல்தான் கோபம் வருகிறது. பழக்கதோஷம். கிம்முக்கு இரண்டாவது வரப்போகிறது, ஜனவரியில். அந்தக் குழந்தைக்கும் தாள் ஒட்டவேண்டியிருக்கும்.

உங்கள் குழாயில் இப்போது எவ்வளவு என்று எழுது.

மேவிஸ்

*

லீலண்ட் சாலை
30 ஜூலை 2017

அக்காவுக்கு,

அந்தச் சாம்பல் நிறக் கார் நீயா? யாரோ விதைக் கம்பெனிக்காரி என்று நினைத்தேன். இனி எல்லாச் சாம்பல் காரையும் நிறுத்திப் பார்க்கப்போகிறேன்.

எவ்வளவு என்று கேட்டாய். போன வருடம் மே மாதம் பொதுக்குழாயில் பதினெட்டு. இந்த மே மாதம் குழிக்குள் போகும்போது பதினொன்று, வெளியே வரும்போது ஆறு. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் ரை போட்டார்கள், உரத்தையும் முன்பனியில் கொட்டாமல் பயிர் கேட்கிற நேரத்தில் கொடுத்தார்கள், மிச்சத்தைக் குழி பார்த்துக்கொண்டது. ஆறு, அக்கா. உங்கள் ஊர்ப் பத்துக்குக் கீழே.

இதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் உன் தம்பி நான். போன வியாழக்கிழமை மாவட்டம் முழுக்க விவசாயிகள் குழியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஆறு என்ன ஆறு, சைபர் காட்டவேண்டும் என்று எனக்குப் பேராசை. கோடையில் குழாயில் தண்ணீர் ஊறித்தான் வருகிறது. அதை முழுக்க நிறுத்திவைத்தால் ஒன்றுமில்லாமல் தின்றுவிடும் என்று பலகையை எல்லாம் செருகிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சைபர் வந்தது. தின்ன நைட்ரேட் இல்லாமல் போனால் அந்த உயிர்கள் வேறு எதையோ தின்னத் தொடங்கும் என்று அலுவலகப் பெண் முதலிலேயே எச்சரித்திருந்தாள். அதை நான் காதில் வாங்கவில்லை.

மடிப்பு நாற்காலியோடு எண்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் மடைப்பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஆயிரம் முட்டை ஒரே நேரத்தில் கெட்டுப்போன நாற்றம். முன்வரிசை எழுந்து நாற்காலியோடு பின்னால் போனது. லெராய் தொப்பியால் மூக்கை மூடிக்கொண்டான். தண்ணீர் வேறு கறுப்பாக வந்தது.

பத்து வருடமாக இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி டுவெய்ன் என் பக்கத்தில் வந்து நின்றான். "ஆர்லன், புகார் குடுக்கணும்னா மாவட்ட அலுவலகம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீதான் வழி சொல்லணும்" என்றான். எண்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? அப்புறம் அவனே சட்டைக்கையை மடித்துவிட்டு என்னோடு குனிந்து பலகையை உருவினான். வந்தவர்களிடம் திரும்பி, "பாத்துக்குங்க. தண்ணிய ரொம்ப நேரம் பிடிச்சு வச்சா இதான் கதி. இவன் செஞ்சு காட்டிட்டான், நீங்க செய்யாதீங்க" என்று பாடமே நடத்திவிட்டான். திட்டமிட்டு வைத்த காட்சி என்று பாதிப்பேர் நினைத்துக்கொண்டு போனார்கள்.

பலகை இப்போது ஐந்து பேர் பொறுப்பு. முறை வைத்துப் பார்க்கிறோம். நாற்றம் போய்விட்டது, தண்ணீர் தெளிந்துவிட்டது.

அடுத்த முறை வண்டியை நிறுத்து.

ஆர்லன்

*

வெஸ்ட் ஆல்டன்
11 ஏப்ரல் 2018

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி நிறுத்தினேன். நீ விதை வாங்கப் போயிருந்தாய். உன்னிடம் சொல்லக்கூடாது என்று டார்லாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கீழ்மூலைக்குப் போய் ஒரு கண்ணாடி ஜாடியில் குழியிலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஊருக்கு வந்ததும் எங்கள் அலுவலகத்தில் சோதித்தோம். நான்கு.

நேற்று நகரசபைக் கூட்டம். அதே மண்டபம், அதே நாற்காலிகள். இந்த வசந்தத்திலும் தாள் ஒட்டவேண்டியிருக்கும், மேலே இருக்கும் விவசாயிகள்மேல் வழக்குப் போடலாமா என்று பேச்சு. கிம் இரண்டாவது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தாள். நான் எழுந்து ஜாடியை மேசைமேல் வைத்தேன்.

"இது என்ன மேவிஸ்?" என்று தலைவர் கேட்டார்.

"இது என் தம்பி வயல் தண்ணி" என்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் அதைச் சொன்னபோது அந்த மண்டபத்தில் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் நேற்றும் இருந்தார்கள். எவ்வளவு என்று கேட்டார்கள். நான்கு விரலைத் தூக்கிக் காட்டினேன். தம்பி, எனக்கு அப்படி ஒரு பெருமை. உன்னைக் குத்துவதற்காகச் சொன்ன சொல்லை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் நாள் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

வழக்குப் பேச்சைத் தள்ளிவைத்தார்கள். புயலில் விழுந்த ஊர் மரங்களையெல்லாம் சில்லாக்கி, மேலே குழி வெட்டுகிறவர்களுக்கு அனுப்புவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மூன்று குழாய்க்காரர்கள் கேட்டிருக்கிறார்களாம், உன் நாற்றத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

மஞ்சள் தாளை வருகிற வாரமும் ஒட்டுவேன். கையில் பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது.

அக்கா மேவிஸ்

*

லீலண்ட் சாலை
15 ஏப்ரல் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கில் காபி நேரத்தில் சத்தமாகப் படித்தேன். டார்லா சத்தியத்தை ஏற்கெனவே உடைத்துவிட்டாள், அது வேறு.

நீ கூட்டத்தில் சொன்னதில் ஒரு தவறு இருக்கிறது. அது என் வயல் தண்ணீர் இல்லை. முன்பு நீ சொன்னபோது சரி, அதில் மோசமானது என்னுடையது. இப்போது அந்த ஜாடியில் லெராய் இருக்கிறான், க்ளென் இருக்கிறான், பெவ் இருக்கிறாள், டுவெய்ன் இருக்கிறான். நான் படித்து முடித்ததும் டுவெய்ன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் பன்றிக்குத் தீனி வைக்க எழுந்து போய்விட்டான். அவன் மறந்துவிடுவான், எனக்குத்தான் மனது கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஐந்து வயல் தண்ணீர் என்று திருத்திச் சொல். ஐந்து பேரும் வந்து பின்வரிசையில் உட்காருகிறோம், எண்ணிப் பார்த்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிம்மையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வா. ரோட்டோர வயலில் ரை முழங்கால் உயரம் வந்துவிட்டது, டெஸ்ஸா ஓடலாம். முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கு.

தம்பி ஆர்லன்